புதிதாக அசெம்பிள் செய்த கணினி: விளையாடும்போது திக்குகிறது, மாலையில் அணைந்தும் போகிறது

முன்னீர்பள்ளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முன்னீர்பள்ளத்தில் இருந்துகொண்டு பாளையங்கோட்டையில் கல்லூரி இறுதியாண்டு படித்து வருகிறேன். டியூஷன் எடுத்தும், விடுமுறை நாட்களில் மாமாவின் கடையில் கணக்கு எழுதியும் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில், சித்திரை மாதக் கடைசியில் நானும் மாமா மகனும் சேர்ந்து ஒரு கணினியை அசெம்பிள் செய்தோம். இருவருக்கும் இதுவே முதல் முறை. கணினி ஓடுகிறது, ஆனால் எதற்காக வாங்கினேனோ அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்ய மறுக்கிறது.

உள்ளே இருப்பவை: ரைசன் 5 7600 பிராசசர், நான்கு ராம் ஸ்லாட்டுகள் உள்ள பி650 மதர்போர்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த 16 ஜிபி டிடிஆர்5 6000 ராம் இரண்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 750 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்டது.

ஒரு கார் பந்தய விளையாட்டைத் திறந்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற எண்) 100 வரை செல்கிறது. நகரத்துக்குள் வண்டி நுழைந்ததும் 30க்கு விழுந்து, அரை நொடி உறைந்து, பிறகு மீண்டும் ஏறுகிறது. இதே பிராசசரும் இதே கார்டும் வைத்திருக்கும் நண்பனின் வீட்டில் அதே விளையாட்டு அதே அமைப்புகளில் 120க்குக் கீழே இறங்குவதே இல்லை. இது போதாதென்று கிராஷ் வேறு. சில நேரம் எந்த அறிவிப்பும் இல்லாமல் விளையாட்டு தானே மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. சில நேரம் மொத்தப் பெட்டியும் அணைந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடுகிறது. விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் பார்த்தால் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பு நிறத்தில் வரிசையாக நிற்கிறது.

நான் செய்து பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் டிரைவரை டிடியு என்ற நீக்கும் மென்பொருள் கொண்டு முழுமையாக நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். விண்டோஸையே இரண்டு முறை புதிதாகப் போட்டேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். பயாஸில் எக்ஸ்போ (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கத்தில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் ராமின் வேகத்தை 6000 என்றே காட்டுகிறது. சிபியு-இசட் மென்பொருள் ராம் சேனல் பகுதியில் '2 x 32 பிட்' என்று காட்டுவதால், டூயல் சேனலிலும் (பிராசசரும் ராமும் இரண்டு பாதைகளில் தரவு கடத்துவது) குறையில்லை என்று நினைக்கிறேன். கணினி அணையும்போது யுபிஎஸ் 'டக்'கென்று ஒலித்து ஒரு முறை நீளமாகப் பீப் அடிக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர் என்பதால் அது எப்போதும் செய்வதுதான்.

பொருள்களில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வந்தது. மொத்தத்தையும் திரும்ப அனுப்பினால் சோதித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் அதை அனுப்பிவிட்டு எப்போது வரும் என்று காத்திருக்க மனம் ஒப்பவில்லை. வீட்டில் அப்பா எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அது அணையும்போதும் செய்தித்தாளைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்க்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.


பேட்டைச் சாலை எழுதியது:

இது வெப்பத்தால் வருவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கத்திரி வெயிலில் நம் ஊரில் மாடி அறைகள் சூளை போலக் கொதிக்கின்றன. அதில் ஒரு மூடிய கேபினட்டுக்குள் பிராசசரும் கார்டும் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு, ஒரு மேசை விசிறியை நேராகத் திருப்பி வைத்து விளையாடிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் எஸ்எம்பிஎஸ் போதவில்லை என்று பொருள். 850 வாட்டுக்கு மாறிவிடுவது நல்லது. என் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் சரியானது.


முன்னீர்பள்ளத்தான் எழுதியது:

நன்றி. வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோவில் பதிவு செய்தே வைத்திருக்கிறேன். ஒரு மணி நேர விளையாட்டில் பிராசசர் அதிகபட்சம் 78 டிகிரி, கார்டு 68 டிகிரி, கார்டின் ஹாட்ஸ்பாட் (அதன் சிப்பில் அதிகம் சூடாகும் இடம்) 86 டிகிரி. நீங்கள் சொன்னபடி கதவைக் கழற்றியும் நேற்று மாலை விளையாடிப் பார்த்தேன். எண்கள் நான்கைந்து டிகிரி குறைந்தன, ஆனால் ஏழரை மணிக்கு வழக்கம்போல அணைந்துவிட்டது.


சர்வீஸ் பெஞ்சு எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் கணினி பழுது பார்த்தவன் என்பதால், கேட்பவர் முக்கியமில்லை என்று போகிற போக்கில் சொல்லும் வரியில்தான் பெரும்பாலும் நோய் இருக்கும் என்பது என் அனுபவம். உங்கள் பதிவில் அப்படிப்பட்ட வரிகள் இரண்டு இருக்கின்றன.

வெப்பத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். ரைசன் 5 7600 தாங்கும் எல்லை 95 டிகிரி. உங்களுடையது 78இல் நிற்கிறது. அந்தக் கார்டின் ஹாட்ஸ்பாட் 86 டிகிரி என்பதும் கவலைக்குரிய எண் அன்று. அப்படியே எல்லையைத் தொட்டாலும் இந்தக் காலத்துப் பிராசசர் முதலில் தன் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளுமே தவிர, சட்டென்று உயிரை விடாது.

அடுத்தது, நீங்கள் 'கிராஷ்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நோய்களை அடைத்திருக்கிறீர்கள். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் உயிரோடு இருப்பது ஒன்று. மொத்தப் பெட்டியும் மின்சாரம் இழந்ததுபோல் அணைவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மருந்து தேடினால், ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காததைப் பார்த்து, மருந்தே தவறு என்று முடிவு கட்டிவிடுவீர்கள். விண்டோஸை இரண்டு முறை போட்டது அப்படித்தான் வீணானது.

அணைந்துபோவதை முதலில் எடுத்துக்கொள்வோம். கெர்னல் பவர் 41 என்பது காரணத்தைச் சொல்லும் குறிப்பு அன்று. முந்தைய முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்று விண்டோஸ் மறுபடி எழுந்த பிறகு எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அந்தப் பதிவைத் திறந்து, விவரப் பகுதியில் 'பக்செக் கோட்' என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அது 0 என்றால், நீலத்திரை காட்டவோ எதையும் குறித்து வைக்கவோ விண்டோஸுக்கு நேரமே கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். பெரும்பாலும் மின்சாரம் திடீரென்று அற்றுப்போனதால் வருவது அது.

இப்போது அந்த முதல் வரி: யுபிஎஸ் 'டக்'கென்று ஒலித்துப் பீப் அடிக்கும் என்கிறீர்கள். உங்கள் யுபிஎஸ் எத்தனை வாட் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய அலுவலகக் கணினிக்கு வாங்கிய 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) பெட்டியாக இருந்தால், அதன் பின்புறத்தில் 360 வாட் என்று அச்சிட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கணினியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 7600 பிராசசர் 65 வாட் என்று விற்கப்பட்டாலும் அழுத்தமான வேலையில் 88 வாட் வரை எடுக்கும். 7700 எக்ஸ்டி கார்டு 245 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 45 வாட் என்று வைத்துக்கொண்டால் 378 வாட் ஆகிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாவதால், சுவரிலிருந்து இழுப்பது 420 வாட். மானிட்டரும் அதே யுபிஎஸ்ஸில் இருந்தால் 450 வாட்.

சுவரில் மின்னழுத்தம் ஒழுங்காக இருக்கும் வரை இத்தகைய யுபிஎஸ் வந்த மின்சாரத்தை அப்படியே கடத்திவிடுவதால் தப்பித்துக்கொள்கிறது. மாலையில் ஊர் முழுவதும் ஏசியும் மோட்டாரும் ஓடத் தொடங்கி அழுத்தம் அதன் கீழெல்லைக்குக் கீழே இறங்கியதும், அது 'டக்'கென்று பேட்டரிக்கு மாறுகிறது. அந்த நொடியில் 360 வாட் பெட்டியின் தலையில் 450 வாட் சுமை விழுகிறது. பேட்டரியும் பழையது என்றால் கேட்கவே வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலானவை 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. நம் ஊரின் மாலை நேர அழுத்தத்தை அது தனியாகவே சமாளித்திருக்கும். காப்பாற்றுவதற்காக இடையில் வைத்த பெட்டிதான் கழுத்தை நெரிக்கிறது. இணையத்தில் உலாவும்போது அணையாமல், விளையாடும்போது மட்டும், அதுவும் ஏழரை மணிக்கு அணைவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே 850 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

சோதிப்பது எளிது. கணினியை மட்டும் நல்ல எர்த் உள்ள மூன்று முனைச் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். மானிட்டர் யுபிஎஸ்ஸிலேயே இருக்கட்டும். மூன்று மாலைகள் விளையாடுங்கள். யுபிஎஸ் 'டக்' என்று ஒலித்தும் கணினி அணையாமல் நின்றால் விஷயம் முடிந்தது.

இரண்டாவது வரி, சிபியு-இசட் காட்டும் '2 x 32 பிட்'. டிடிஆர்4 காலத்தில் டூயல் என்று இருந்தால் போதும். டிடிஆர்5இல் ஒவ்வொரு ராமுமே தனக்குள் 32 பிட் கொண்ட இரண்டு துணைச் சேனல்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு சேனல் மட்டும் வேலை செய்தால் 2 x 32. இரண்டு சேனல்களும் வேலை செய்தால் 4 x 32 என்று காட்ட வேண்டும். அதாவது உங்கள் இரண்டு ராம்களும் ஒரே சேனலில் உட்கார்ந்திருக்கின்றன. பிராசசருக்கு அருகில் இருக்கும் முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் அடுத்தடுத்து மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் முறை அசெம்பிள் செய்பவர்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பார்ப்பதற்கும் அதுதான் ஒழுங்காகத் தெரியும்.

நம் பக்கத்து வாய்க்கால் பாசனத்தை வைத்துச் சொன்னால், இரண்டு வாய்க்கால்கள் இருக்க, இரண்டு வயல்களையும் ஒரே வாய்க்காலின் தலைமடையிலும் கடைமடையிலும் வைத்துவிட்டு மற்ற வாய்க்காலைச் சும்மா விட்டிருக்கிறீர்கள். 6000 வேகத்தில் ஒரு சேனல் நொடிக்கு 48 ஜிபி கடத்தும். இரண்டு சேனல்கள் ஏட்டளவில் 96 ஜிபி. நகரத்துக்குள் வண்டி நுழையும்போது பிராசசர் ஒரே மூச்சில் ஏராளமான தரவுகளைக் கேட்கிறது. அங்கேதான் அந்த அரை நொடி உறைவு வருகிறது.

இதோடு போகவில்லை. ஒரு சேனலில் ஒரே ராம் இருக்கும்போது இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 5200; ஒரே சேனலில் இரண்டு ராம்கள் ஏறினால் உறுதியளிக்கும் வேகம் 3600க்கு இறங்கிவிடுகிறது. நீங்களோ ஒரு சேனலில் இரண்டை ஏற்றி, எக்ஸ்போவில் 6000க்கு விரட்டியிருக்கிறீர்கள். சுமை தாங்காமல் எங்கோ ஒரு பிட் தவறுகிறது, விளையாட்டு மூடிக்கொள்கிறது. ஈவென்ட் வியூவரில் அந்த நேரத்துக்குரிய 'அப்ளிகேஷன் எரர்' பதிவுகளைப் பாருங்கள். சி0000005 என்று முடியும் பிழைக்குறி இருந்து, பிழை நேர்ந்த கோப்பின் பெயர் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் ராமைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பு என்றால் டிரைவரையோ விளையாட்டையோதான் பார்க்க வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன், இப்போதிருக்கும் நிலையிலேயே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். மாற்றிய பிறகும் ஒரு முறை ஓடவிடுங்கள். முன்னும் பின்னும் பார்த்தால்தான் எது குணப்படுத்தியது என்று தெரியும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, ராம்களை ஏ2, பி2 ஸ்லாட்டுகளுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் அவை பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். உங்கள் மதர்போர்டின் கையேட்டிலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் முதல் முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். இந்த வகை மதர்போர்டு ராமைப் பழகிக்கொள்ள எடுக்கும் நேரம் அது. பதற்றத்தில் பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள்.


தென்காசிச் சாரல் எழுதியது:

மேலே அண்ணாச்சி சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். விடுபட்ட இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

பழுதான ராம் ஓட்டத்தின்போதே விண்டோஸை இரண்டு முறை நிறுவியிருக்கிறீர்கள். நிறுவும்போதே சில கோப்புகள் தவறாக எழுதப்பட்டிருக்கக்கூடும். ராமைச் சரிசெய்து, மெம்டெஸ்ட்86 பிழையின்றி முடிந்த பிறகு, நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன் கட்டளையைக் கொடுத்து விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் கோப்புகளையும் அதன் லாஞ்சர் வழியாகச் சரிபார்ப்பது நல்லது. இதைச் செய்யாமல் விட்டால், ராம் சரியான பிறகும் பழைய காயம் வலிக்கும். நீங்கள் ராமையே மறுபடி குறை சொல்வீர்கள்.

7700 எக்ஸ்டி கார்டில் பெரும்பாலும் இரண்டு 8 பின் இணைப்புகள் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரே ஒயர் வந்து முனையில் இரண்டாகப் பிரிவதை மாட்டியிருந்தால், அதை எடுத்துவிட்டு இரண்டு தனி ஒயர்களைக் கொடுங்கள். ஒரு 8 பின் இணைப்புக்கு வகுத்த அளவு 150 வாட். கார்டு உட்காரும் ஸ்லாட் வழியாக 75 வாட் வரும். உங்கள் பிரச்சினைக்கு இது காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கத்தான் போகிறீர்கள்.


பேட்டைச் சாலை எழுதியது:

எக்ஸ்போவை அணைத்துவிட்டால் இத்தனை வேலையும் மிச்சமாகாதா? ராமைக் கழற்றும்போது மதர்போர்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?


சர்வீஸ் பெஞ்சு எழுதியது:

எக்ஸ்போவை அணைத்தால் விளையாட்டு மூடிக்கொள்வது நிற்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சேனலிலேயே இருப்பதால் வேகம் இன்னும் குறையும், உறைவு கூடும். வலி நிற்பதற்காகக் காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்காருவதுபோல்தான் அது. ராமைக் கழற்றி மாட்டுவது, தம்பி ஏற்கெனவே ஒரு முறை செய்து முடித்த வேலை.


முன்னீர்பள்ளத்தான் எழுதியது:

அண்ணாச்சி, எட்டு நாட்கள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து பார்க்க நேரம் பிடித்தது.

யுபிஎஸ், அப்பா பழைய கணினிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. பின்புறம் 600 விஏ, 360 வாட் என்றே இருக்கிறது. பக்செக் கோட் எல்லாப் பதிவுகளிலும் 0. கணினியை நேரடியாகச் சுவரில் செருகி விளையாடினேன். இரண்டாம் நாள் மாலை ஏழே முக்காலுக்கு யுபிஎஸ் 'டக்' என்றது, மானிட்டர் மட்டும் ஒரு முறை கண் சிமிட்டியது, கணினி தன் பாட்டில் ஓடியது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் சித்தப்பாவிடம் மல்டிமீட்டரை இரவல் வாங்கி அதே நேரத்தில் சாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் 168 வோல்ட். காலையில் அதே சாக்கெட்டில் 231.

ராம்கள் நீங்கள் சொன்னபடியே முதல் இரண்டு ஸ்லாட்டுகளில்தான் இருந்தன. மாற்றுவதற்கு முன் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன். முதல் சுற்று முடிவதற்குள் பிழைகள் வரத் தொடங்கின. ஏ2, பி2க்கு மாற்றி இயக்கியபோது திரை கறுப்பாகவே இருந்தது. நீங்கள் முன்கூட்டிச் சொல்லியிராவிட்டால் மாமா மகன் பொத்தானை அழுத்தியிருப்பான், அவன் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஏறக்குறைய மூன்று நிமிடம் கழித்துத் திரை வந்தது. எக்ஸ்போ 6000இலேயே நான்கு சுற்றுகளும் பிழையின்றி முடிந்தன. சிபியு-இசட் இப்போது 4 x 32 பிட் என்று காட்டுகிறது. எஸ்எஃப்சி ஸ்கேன் சில கோப்புகள் பழுதாகி இருந்ததாகச் சொல்லிச் சரிசெய்தது. கார்டுக்கு ஒரே ஒயரைத்தான் பிரித்துக் கொடுத்திருந்தோம், அதையும் மாற்றிவிட்டேன். நகரத்துக்குள் இப்போது 115க்குக் கீழே போவதில்லை, ஐந்து நாட்களாக விளையாட்டு ஒரு முறைகூட மூடவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். 115 என்று எண் காட்டினாலும், நண்பன் வீட்டில் தெரியும் வழவழப்பு என் திரையில் தெரியவில்லை. அதோடு, யுபிஎஸ் இல்லாமல் விட்டால் மின்வெட்டின்போது கல்லூரி புராஜெக்ட் வேலை போய்விடுகிறது, எதை வாங்குவது?


தென்காசிச் சாரல் எழுதியது:

விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று சென்று ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) பாருங்கள். விண்டோஸை மறுபடி நிறுவியபோது அது 60 ஹெர்ட்ஸில் நின்றிருக்கும், 144க்கு மாற்றுங்கள்.


சர்வீஸ் பெஞ்சு எழுதியது:

கடையில் விஏ எண்ணைச் சொல்லித்தான் விற்பார்கள். நீங்கள் வாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சுமை 450 வாட் என்பதால், 600 வாட் அல்லது அதற்கு மேல் தரும் யுபிஎஸ் வேண்டும். பேட்டரியில் ஓடும்போது சைன் அலை (சுவர் மின்சாரத்தின் அலை வடிவம்) தருவதாக இருந்தால் மேலும் நல்லது. சில எஸ்எம்பிஎஸ்கள் சதுர அலையில் முரண்டு பிடிக்கும். மின்சாரம் போனபின் விளையாட்டைத் தொடர்வதற்காக அது இல்லை, சேமித்துவிட்டு அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும் என்ற கணக்கில் வாங்கினால் செலவு கட்டுக்குள் இருக்கும். அதுவரை புராஜெக்ட் வேலையை மட்டும் பழைய யுபிஎஸ்ஸில் செய்யலாம். அப்போது கணினி நூறு வாட்டுக்குச் சற்று மேலேதான் எடுக்கும், பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் இருந்தால் அதைத் தாங்கிவிடும்.


முன்னீர்பள்ளத்தான் எழுதியது:

60இல்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். பழைய யுபிஎஸ்ஸில் இனி மோடம் மட்டும் இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்; புதியதற்கு ஆனி மாதச் சம்பளம் வந்ததும் பாதிப் பணம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். நன்றி அண்ணாச்சி.